ஹோஸ்டா இலை மஞ்சளாகிறதா? டானிக் வாங்காதீர்கள்

கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். இணையத்தில் 90 வெள்ளிக்கு ஹோஸ்டா என்ற அழகு இலைச் செடி ஒன்று வாங்கினாராம், இரண்டு மாதம் தளதளவென்று இருந்ததாம், இப்போது அடி இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகின்றனவாம். விற்றவரிடம் கேட்டால் 35 வெள்ளிக்கு ஒரு டானிக் வாங்கி ஊற்றச் சொல்கிறார், ஊற்றலாமா?

வேண்டாம் சகோதரி. சோர்ந்துபோன வேருக்கு டானிக், உரம் எது போட்டாலும் இலை இன்னும் வேகமாகக் கொட்டும்.

முதலில் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். சொதசொதவென்று இருந்தால் செடியைத் தொட்டியோடு கவிழ்த்து வேரைப் பாருங்கள். வெள்ளையாக, விறைப்பாக இருந்தால் நல்ல வேர். பழுப்பேறி, பிடித்து இழுத்தால் தோல் கையோடு வந்தால் அது அழுகல், அதை வெட்டி எறிந்துவிட்டு தேங்காய் நார்த்தூளும் பெர்லைட்டும் (தண்ணீர் தேங்காமல் இருக்க மண்ணில் சேர்க்கும் லேசான வெள்ளைத் துகள்) கலந்து மாற்றி நடுங்கள். அடித்தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், ஏடிஸ் கொசு வந்தால் அபராதம் வேறு கட்ட வேண்டியிருக்கும். மாலை வெயில் அடிக்கிற பால்கனி என்றால் செடியை நிழலுக்கு நகர்த்துங்கள்.

அப்புறம், காம்பு மண்ணைத் தொடும் இடத்தை நன்றாகக் கவனியுங்கள். அங்கே கொழகொழத்து, வெள்ளை நூல் படர்ந்து, கடுகு மாதிரி பழுப்பு உருண்டைகள் தெரிந்தால் அது பூஞ்சை நோய். நம் ஊர் புழுக்கம் அதற்கு ரொம்பப் பிடிக்கும். செடியையும் மண்ணையும் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். அந்த மண்ணில் மிளகாய், தக்காளி எதையும் நடாதீர்கள், அந்த உருண்டைகள் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

இதெல்லாம் இல்லை என்றால் காரணம் வேறு, விற்றவர் உங்களிடம் சொல்லாமல் விட்டதும் அதுதான். ஹோஸ்டா ஜப்பான், கொரியா, சீனப் பக்கத்துச் செடி. குளிர்காலம் வந்தால் இலை மஞ்சளாகி உதிர்ந்து கிழங்கு மண்ணுக்குள் தூங்கும், ஏறக்குறைய 5 டிகிரிக்குக் கீழே ஆறேழு வாரமாவது கிடந்தால்தான் அடுத்த வருஷம் பலமாகத் துளிர்க்கும். கோலாலம்பூரில் நடு இரவிலும் 23, 24 டிகிரி. கேமரன் மலையில்கூட அந்தக் குளிர் கிடையாது. தூக்கமே இல்லாமல் செடி ஒவ்வொரு முறையும் சின்னதாகிக்கொண்டே வந்து கடைசியில் காணாமல் போகும்.

‘வெப்பம் தாங்கும் ரகம்’ என்று விளம்பரம் போடுகிறார்களே, அதை நம்பாதீர்கள். கோடை வெயிலைத் தாங்கும் என்பதுதான் அதற்கு அர்த்தம், குளிர்காலமே வேண்டாம் என்பதல்ல. வானவில் நிறத்தில் படம் போட்டு ஹோஸ்டா விதை என்று விற்பது இன்னும் மோசம், அப்படி ஒரு செடியே கிடையாது. வெளிநாட்டுக் கிழங்கைக் கொண்டுவர மாக்கிஸ் (செடிகளைச் சோதிக்கும் அரசுத் தனிமைப்படுத்தல், பரிசோதனைத் துறை) அனுமதி வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஆனாலும் தபாலில் வந்ததைத் தைரியமாகப் படம் போட்டு விற்கிறார்கள், அந்த இணைய விற்பனைத் தளங்களும் கண்டுகொள்வதில்லை. வைரஸ் உள்ள கிழங்கு வந்தால் அதற்கு மருந்தே இல்லை, யார் பொறுப்பு?

ஒரு விலக்கு உண்டு. ஹோஸ்டா பிளான்டஜீனியா என்று தெற்குச் சீனத்து இனம் ஒன்று, பெரிய வெள்ளைப் பூ, சாயங்காலம் விரிந்து நன்றாக மணக்கும். மற்ற இனங்களைவிட வெப்பத்தைத் தாங்கும், குளிரும் கொஞ்சம் குறைவாகப் போதும். குறைவாக என்றுதான் சொல்கிறேன், வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் வழிவந்த கலப்பு ரகங்களையும் இதே பேச்சைச் சொல்லி உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். நம் சமவெளியில் அதுவும் கொஞ்சம் மெதுவாக நலியும், அவ்வளவுதான்.

உங்கள் செடியைக் காப்பாற்ற ஆசை என்றால் ஒரு வழி இருக்கிறது. தண்ணீரைக் குறைத்து இலை முழுக்க வாட விடுங்கள். கிழங்கைக் கழுவி, ஈரம் பிழிந்த நார்த்தூளில் பொதிந்து, ஓட்டை போட்ட பையில் குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் எட்டு வாரம் வையுங்கள். உறைபெட்டியில் வைத்தால் செத்துவிடும். பக்கத்தில் ஆப்பிளும் வேண்டாம், பழத்திலிருந்து வரும் வாயு மொட்டைக் கெடுக்கும். பிறகு நட்டால் துளிர்க்க வாய்ப்பு உண்டு, ஆனால் வருஷா வருஷம் இதையே செய்தாக வேண்டும். அழகான இலைதான் வேண்டும் என்றால் அக்லோனிமா வாங்குங்கள், நிழலில் தானாக வளரும்.

விளம்பரத்தையும் ரசீதையும் இப்போதே படம்பிடித்து வையுங்கள், அந்தப் பதிவை நீக்கிவிடுவார்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். 90 வெள்ளிக்காக அரை நாள் விடுப்பு எடுத்து யார் அலைவது என்று நீங்கள் யோசிப்பீர்கள் என்பது அந்த வியாபாரிக்கும் தெரியும், அதனால் பணத்தைத் திருப்பிக் கேட்கும்போதே தீர்ப்பாயத்துக்குப் போவேன் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள்.