நாலு பேருக்கும் ஒரே பிறந்தநாள்
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். அவனிடம் வேலை பார்க்கும் தென் சூடான்காரர்கள் நாலு பேருக்கும் பிறந்த தேதி ஜனவரி 1 என்றே இருக்கிறதாம். கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்களாம். போலி ஆவணமாக இருக்குமோ என்று பயப்படுகிறான்.
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: போலியாக இருக்காது அம்மா. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பள்ளிச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள், பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்திருப்பார்கள். சேர்க்கப் போன அன்று தலைமையாசிரியர் கையைத் தலைக்கு மேலே சுற்றிக் காதைத் தொடச் சொல்லி, தொட்டுவிட்டால் ஐந்து வயது என்று எழுதிக்கொண்ட தேதி அது. அதே கதைதான் இதுவும். உங்கள் மகன் சொல்கிறவர்கள் வயதில் நாற்பதைத் தாண்டியவர்கள் என்றால், 1980-களின் கடைசியில் சூடான் உள்நாட்டுப் போரிலிருந்து ஓடிய சுமார் 20,000 பையன்களில் அவர்களும் இருந்திருக்கலாம். ஆங்கிலப் பத்திரிகைகள் அவர்களுக்குத் ‘தொலைந்த பையன்கள்’ என்று பெயர் வைத்தன. கென்யாவின் காக்குமா முகாமில் பதிவு செய்தபோது யாரிடமும் பிறப்புச் சான்றிதழ் இல்லை. ஆளைப் பார்த்து, உயரத்தைப் பார்த்து ஒரு வருடத்தைக் குத்துமதிப்பாகப் போட்டு, நாளையும் மாதத்தையும் எல்லோருக்கும் ஜனவரி 1 என்று எழுதிவிட்டார்கள்.

இதில் சிரிக்க முடியாத பகுதி ஒன்று உண்டு. 2000-ம் ஆண்டின் கடைசியில் அமெரிக்கா இவர்களை அழைத்துக்கொள்ளத் தொடங்கியபோது அந்தக் குத்துமதிப்பு வருடம்தான் தலையெழுத்தாகிவிட்டது. 18-க்குக் கீழே என்று தாளில் இருந்தால் ஒரு வளர்ப்புக் குடும்பம், பள்ளிக்கூடம், சாயங்காலம் சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு ஆள். 18-க்கு மேல் என்றால் மூன்று நாலு பேருக்கு ஒரு வாடகை வீடு, சில மாத உதவி, அப்புறம் இறைச்சி ஆலையோ விமான நிலையமோ சூப்பர் மார்க்கெட்டோ, கிடைத்த வேலை. யாரோ ஒரு எழுத்தர் அன்று வெயிலில் ஒரு பையனைப் பார்த்து வயதை இரண்டு வருடம் குறைத்துப் போட்டாரா கூட்டிப் போட்டாரா, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேள்வி: சின்னப் பையன்கள் எப்படித் தனியாக நாடு விட்டு நாடு நடந்தார்கள்? பெற்றவர்கள் எப்படி விட்டார்கள்? நம்ப முடியவில்லை.
– ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: விடவில்லை, விடுவதற்கு யாரும் கூட இல்லை. இந்தப் பையன்களில் பெரும்பாலோர் தென் சூடானின் டிங்கா இனத்தவர். டிங்கா மக்களுக்கு மாடுதான் எல்லாம். நம் ஊரில் செவலை, மயிலை, காரி என்று மாட்டின் நிறத்துக்குப் பெயர் இருப்பதுபோல் அவர்களுக்கு நீளமான பட்டியலே உண்டு, மனிதர்களுக்கும் அதே பெயரை வைப்பார்கள். மாபியோர் என்றால் வெள்ளைக் காளை. ஆறேழு வயதிலிருந்தே பையன்கள் ஊருக்கு வெளியே மாட்டுக்கிடையில் இருப்பார்கள். 1983-ல் தொடங்கிய போரில் அரசுப் படைகளும் குதிரையில் வந்த கூலிப்படைகளும் ஊர்களைக் கொளுத்தியபோது, கிடையில் இருந்த பையன்கள் புகையைத் தூரத்திலிருந்து பார்த்தார்கள். அதனால் பிழைத்தார்கள். மாட்டையும் விட்டுவிட்டுக் கிழக்கே நடந்தார்கள், வழியில் வேறு ஊர்ப் பையன்கள் சேர்ந்துகொண்டார்கள். பசி, தாகம், சிங்கம். கொஞ்சம் பெரியவன் சின்னவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். பெரியவன் என்றால் பன்னிரண்டு வயது.

எத்தியோப்பியாவில் பின்யூடோ போன்ற முகாம்களில் சில வருடம். அங்கே சோறும் மரத்தடிப் பள்ளிக்கூடமும் கிடைத்தன, கூடவே சூடான் அரசை எதிர்த்துச் சண்டை போட்ட கிளர்ச்சிப் படையின் பிடியும். வளர்ந்த பையன்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தார்கள். இந்தப் பகுதியைப் பலர் விட்டுவிட்டுத்தான் கதை சொல்வார்கள், கேட்கிறவர்களுக்கு அப்பாவிப் பையன்தான் வேண்டும் என்பதால். என்னைக் கேட்டால், பத்து வயதில் துப்பாக்கி கொடுக்கப்பட்டவனும் அப்பாவிதான்.

1991 மே மாதம் எத்தியோப்பியாவில் மெங்கிஸ்து ஆட்சி கவிழ்ந்தது. கிளர்ச்சியாளர்களை ஆதரித்தவர் அவர்தான், ஆகவே அவர் போனதும் அகதிகளையும் விரட்டினார்கள். எல்லைப் பக்கம் கிலோ என்று ஒரு ஆறு (எடைக் கிலோ இல்லை, ஆற்றின் பெயரே அதுதான்). மழைக்காலம், வெள்ளம், பின்னால் துப்பாக்கிச் சூடு, தண்ணீரில் முதலை. நீச்சல் தெரியாத பையன்கள் கரையில் நின்றார்கள், பின்னால் வந்த கூட்டம் தள்ளியது. எத்தனை பேர் போனார்கள் என்று யாரும் எண்ணவில்லை. மிஞ்சியவர்கள் மறுபடி சூடானுக்குள் புகுந்து, தெற்கே நடந்து, 1992-ல் கென்யா எல்லையைத் தாண்டினார்கள். மொத்தம் ஆயிரம் மைல் வரும் என்கிறார்கள்.

கேள்வி: பையன்கள், பையன்கள் என்றே சொல்கிறார்களே, பெண் பிள்ளைகள் அந்தப் போரில் இல்லையா?
– ஒரு கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: நல்ல கேள்வி, இதைக் கேட்பவர்கள் குறைவு. தாக்குதலின்போது பெண் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டில் இருந்தார்கள், பலர் கொல்லப்பட்டார்கள், பலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தப்பி வந்தவர்களும் உண்டு. ஆனால் முகாமில் பையன்களைத் தனிக் குழுக்களாக வைத்தார்கள், பெண்ணைத் தனியாக விடக்கூடாது என்று ஏதோ ஒரு குடும்பத்தோடு சேர்த்துவிட்டார்கள். தண்ணீர் தூக்க, சமைக்க, அந்த வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தது. நாளைக்குக் கல்யாணம் என்று வந்தால் மாடாகப் பரியமும் வரும். ஆகவே அமெரிக்கா ‘துணையற்ற சிறார்’ பட்டியலைக் கேட்டபோது பெண்கள் அதில் இல்லை, தாளில் அவர்களுக்குக் குடும்பம் இருந்தது. போன 3,600-க்கும் மேற்பட்டவர்களில் பெண்கள் 89 பேர்தான்.

கேள்வி: அமெரிக்கா போனதும் கஷ்டம் தீர்ந்திருக்குமே?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: முதலில் போவதே பெரிய பாடு. முகாமில் நேர்காணல் முடிந்தபின் அறிவிப்புப் பலகையில் பெயர் ஒட்டுவார்கள். பொதுத்தேர்வு முடிவு பார்ப்பதுபோல் முண்டியடித்துப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த பட்டியலுக்குக் காத்திருக்க வேண்டும். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு அதுவும் பல மாதம் நின்றுபோனது, பெயர் வந்தவர்கள்கூட முகாமிலேயே உட்கார்ந்திருந்தார்கள். போய்ச் சேர்ந்தவர்களுக்குப் பனி, ஃப்ரிட்ஜ், அடுப்பு எல்லாம் புதிது. விமான டிக்கெட் இனாம் இல்லை, வட்டியில்லாக் கடன், சம்பளத்திலிருந்து தவணை கட்ட வேண்டும். அதற்கு மேல் முகாமில் விட்டுவந்தவர்கள் பணம் கேட்டு ஃபோன் செய்வார்கள். நம் துபாய்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கேள்வி: இவர்களில் யாராவது பெரிய ஆளாக வந்தார்களா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: லோபெஸ் லொமோங் என்ற ஓட்டப்பந்தய வீரர். ஆறு வயதில் தேவாலயத்திலிருந்து கடத்தப்பட்டு, மூன்று பெரிய பையன்களோடு தப்பி, மூன்று நாள் ஓடிக் கென்யா வந்தவர். பத்து வருடம் காக்குமா. 2000-ம் ஆண்டு ஒலிம்பிக்கைப் பார்க்க ஐந்து மைல் போய், ஐந்து ஷில்லிங் கொடுத்து, கறுப்பு வெள்ளை டி.வி.யில் அமெரிக்க ஓட்டக்காரர் மைக்கேல் ஜான்சன் ஓடியதைப் பார்த்தார். அடுத்த வருடம் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வளர்ப்புக் குடும்பம் கிடைத்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் அமெரிக்கக் கொடியைப் பிடித்து முன்னால் நடந்தவர் அவர்தான். அவருடைய பிறந்த தேதி 1985, ஜனவரி 1.

கேள்வி: யாராவது ஊருக்குத் திரும்பினார்களா?
– ஒரு வாசகி, கடலூர்

பதில்: 2005-ல் சமாதான ஒப்பந்தம் வந்தது, 2011 ஜூலை 9-ல் தென் சூடான் தனி நாடானது. சிலர் போனார்கள். சால்வா டுட் என்பவர் ஒப்பந்தத்துக்கு முன்பே போய், செத்துவிட்டதாக நினைத்திருந்த அப்பாவை ஒரு மருத்துவமனையில் கண்டுபிடித்தார். அசுத்தத் தண்ணீர் குடித்து வந்த நோய். அதிலிருந்து ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட ஆரம்பித்தார், அதற்காக அவர் தொடங்கிய அமைப்பு இன்றைக்கும் போடுகிறது. ஆனால் 2013 டிசம்பரில் புதிய நாட்டுக்குள்ளேயே சண்டை மூண்டது. காக்குமாவில் மறுபடி வரிசை நின்றது, அதில் தனியாக வந்த பிள்ளைகளும் இருந்தார்கள்.