ஃபானுக் கண்ட்ரோல் உள்ள சிஎன்சி மில்லிங் மெஷினில் மட்டும் ஐந்து வருடம், செட்டிங்கும் சேர்த்து, வேலை செய்திருக்கிறேன். ஹைடன்ஹைன் அனுபவம் கேட்கும் சிங்கப்பூர் வேலைக்கு விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக விண்ணப்பியுங்கள். ஐந்து வருடம் மில்லிங்கில் செட்டிங்கும் (டூலையும் ஜாப்பையும் பொருத்தி மெஷினைத் தயார் செய்வது) சேர்த்துப் பார்த்தவர் நீங்கள். விளம்பரத்தில் கண்ட்ரோல், அதாவது மெஷினை இயக்கும் கணினியின் பெயர் வேறாக இருக்கிறது என்பதற்காகப் பின்வாங்க வேண்டாம். நான் சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பகுதியில் ஒரு பட்டறையில் செட்டர். வேலை கேட்டு வருபவர்களுக்கு டிரேட் டெஸ்ட் (செய்முறைத் தேர்வு) வைப்பதும் நான்தான்.

டெஸ்டில் முதலில் ஒரு டிராயிங்கைக் கொடுப்போம். அதில் 25 எச்7 என்று ஒரு துளை இருக்கும். அதாவது துளையின் விட்டம் 25.000 முதல் 25.021 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். அதை அளக்க வெர்னியரை எடுக்கிறாரா, துளையின் உள்விட்டத்தை நுணுக்கமாக அளக்கும் போர் கேஜ் கேட்கிறாரா? கேஜை அளவு தெரிந்த ரிங்கில் வைத்து ஜீரோ பார்க்கிறாரா? துளையில் ஒட்டியிருக்கும் கூலண்ட் திரவத்தைத் துடைத்துவிட்டு அளக்கிறாரா? இவ்வளவும் பார்த்தாலே ஆள் எப்படி என்று பாதி தெரிந்துவிடும். இந்தப் பழக்கம் எந்தக் கண்ட்ரோலுக்கும் பொது.

சரி, வித்தியாசமே இல்லையா என்றால், இருக்கிறது. ஃபானுக்கில் ஜி01 போடும் நேர்கோட்டு நகர்வுக்கு ஹைடன்ஹைன் பாணியில் எல் என்று எழுதுவார்கள். ஃபானுக்கில் டூலை மாற்றியபின் ஜி43 போட்டு டூலின் நீளத்தைத் தனியாகச் சேர்ப்போம். ஹைடன்ஹைனில் டூல் கால் (TOOL CALL) என்ற கட்டளையைக் கொடுத்தாலே நீளமும் சேர்ந்துவிடும். செட்டிங் தெரிந்தவருக்கு இது பிடிபட ரொம்ப நாளாகாது. ஹைடன்ஹைன் நிறுவனமே கம்ப்யூட்டரில் பழகிப் பார்க்க இலவச டெமோ தருகிறது. இறக்கிக்கொண்டு, நீங்கள் ஃபானுக்கில் எழுதிய ஒரு பழைய சின்ன புரோகிராமை அதில் திரும்ப எழுதிப் பாருங்கள்.

பயோடேட்டாவில் உள்ளதை உள்ளபடி போடுங்கள்: "ஃபானுக் 5 வருடம், செட்டிங் உட்பட. ஹைடன்ஹைன் மெஷினில் ஓட்டியதில்லை, சிமுலேட்டரில் பழகியிருக்கிறேன்." இப்படி எழுதி வந்தவர்களை நாங்கள் எடுத்திருக்கிறோம். "மூன்று வருடம் ஹைடன்ஹைன் என்று போட்டுக்கலாம்" என்று ஏஜெண்ட் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். மெஷின் முன்னால் நின்ற கொஞ்ச நேரத்திலேயே குட்டு உடைந்துவிடும். அதைவிடப் பெரிய விஷயம், வேலை அனுமதி விண்ணப்பத்தில் மனிதவள அமைச்சுக்குப் பொய்த் தகவல் கொடுத்தால் 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். ஊரில் கடன் வாங்கி வந்தவர் இதில் மாட்டினால் குடும்பமே தவித்துப்போகும்.

அப்புறம், இன்டர்வியூவில் நீங்களும் கேளுங்கள். மெஷின் மூன்று அச்சா, தலையோ மேசையோ சாய்ந்து திரும்பும் ஐந்து அச்சா? புரோகிராம் ஆபீஸிலிருந்து கேம் (CAM) மென்பொருளில் தயாராகி வருமா, மெஷினிலேயே எழுத வேண்டுமா? கேம் மென்பொருளில் வருகிறதென்றால் உங்களுக்குப் பாதி பாரம் குறைந்தது. ஐந்து அச்சு என்றால் யார் சொல்லித்தருவார்கள் என்று கேட்டே ஆக வேண்டும். மெஷினின் தலை திரும்பும்போது ஜாப்பைப் பிடித்திருக்கும் வைஸில் இடித்தால், டூலைச் சுழற்றும் ஸ்பிண்டில் போய்விடும். முதல் மாதம் பகல் ஷிஃப்ட் கிடைக்குமா என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள். இரவில் பல பட்டறைகளில் சந்தேகம் கேட்கப் பக்கத்தில் ஆள் இருக்காது.