தோட்டம் விற்ற பணமும் பழைய ஜீப்பும்

கேள்வி: தாண்டிக்குடிக்கு மேலே இருந்த எங்கள் 7 ஏக்கர் காப்பித் தோட்டத்தைச் சென்ற மாதம் கிரயம் செய்து கொடுத்தோம். 2 கோடிக்கு மேல் வங்கியில் இருக்கிறது. முழுத் தொகையும் வங்கி வழியாகவே வந்தது. எனக்கு வயது 61, மனைவிக்கு 57. மகன் கோவையில் வேலை பார்க்கிறான். ஓட்டு வீடு, பழைய ஜீப், கையில் மிச்சமிருக்கும் ஒன்றரை ஏக்கர் மிளகு, இதுவே எங்களுக்குப் போதும். ஆனால் ஊரில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. கடன் கேட்டு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். யார் கண்ணிலும் படாமல் பழையபடி வாழ என்ன வழி? மனைவிக்கு முழங்கால் வலி, ஜீப்பில் ஏறச் சிரமப்படுகிறாள். கார் வாங்கினால் கண்ணை உறுத்துமோ என்று தயங்குகிறேன்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கீழ்ப்பழனி மலை)

பதில்: ஐயா, விற்ற விலையை ஒளிக்க முடியாது. பதிவுத் துறை இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கம் பார்க்கும் எவருக்கும் 'கைமாற்றுத் தொகை' என்ற இடத்தில் அது தெரியும். "பெருசா ஒண்ணும் வரலீங்க" என்று டீக்கடையில் நீங்கள் சொல்லும்போதே எதிரில் இருப்பவர் அதைப் பார்த்திருக்கலாம். பிறகு நீங்கள் சொல்லும் உண்மைக்கும் மதிப்பு இருக்காது. ஆகவே பொய் வேண்டாம். தொகை தெரிந்தால் தெரியட்டும், அது கைக்கு எட்டும் இடத்தில் இல்லை என்பதும் தெரியட்டும். "வந்ததை எல்லாம் அஞ்சு வருஷத்துக்குப் போட்டுட்டேன், மாசம் வர்றதுலதான் குடும்பம் ஓடுது." இதைச் சொன்னால் போதும். ஆனால் சொல்வது உண்மையாக இருக்கும்படி பணத்தை முதலில் அப்படிப் போட்டுவிட வேண்டும்.

உங்களுக்கு 60 தாண்டிவிட்டதால் அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை 5 ஆண்டுக்குப் போடலாம், வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். இதை ஊர் அஞ்சலகத்தில் தொடங்காமல் திண்டுக்கல் தலைமை அஞ்சலகத்தில் தொடங்குங்கள். அரசுப் பத்திரங்களை ரிசர்வ் வங்கியின் ரீட்டெய்ல் டைரக்ட் கணக்கு வழியாக வீட்டிலிருந்தபடியே வாங்கலாம். உள்ளூரில் ஒருவருக்கும் தெரிய வேண்டியதில்லை. மீதியைப் பெரிய வங்கியொன்றில், கீழே மதுரையிலோ திண்டுக்கல்லிலோ உள்ள கிளையில் வையுங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு என்பதால் வட்டி அதிகம் தருகிறார்களே என்று சிறிய வங்கிகளுக்குப் போக வேண்டாம். ஊர்த் தொடக்கக் கூட்டுறவுச் சங்க டெபாசிட்டுக்கு அந்தக் காப்பீடும் கிடையாது. ஊரில் உள்ள வங்கிக் கணக்கில் மிளகுப் பணமும் வீட்டுச் செலவும் மட்டும் இருக்கட்டும். கீழிருந்து மாதம் ஒரு தொகை சம்பளம் மாதிரி அதற்கு வரட்டும். மலைக் கிராமத்தில் ஒரே கவுன்டர், பாஸ்புக் பதியும்போது பின்னால் நிற்பவர் உங்கள் பங்காளியாகத்தான் இருப்பார்.

கடன் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். தங்கை மகனிடம் புரோ நோட்டு எழுதி வாங்கினாலும், பணம் வராவிட்டால் 3 ஆண்டுக்குள் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். போவீர்களா? மாட்டீர்கள். பணமும் போய் உறவும் போகும். ஜாமீன் கையெழுத்து இதைவிட மோசம். வாங்கியவர் கட்டாவிட்டால் முழுக் கடனும் உங்கள் தலையில். கடன் கொடுப்பதற்குப் பதிலாக, வருஷத்துக்கு இவ்வளவு என்று நீங்களும் வீட்டம்மாவும் உட்கார்ந்து ஒரு தொகையை ஒதுக்குங்கள். படிப்புக்கும் வைத்தியத்துக்கும் மட்டும், திருப்பிக் கேட்காத பணமாக, கல்லூரிக்கோ மருத்துவமனைக்கோ நேரடியாகக் கட்டிவிடுங்கள். அந்த வருஷத் தொகை தீர்ந்தால் அடுத்த வருஷம்தான். மொய்யை மட்டும் பழைய அளவிலேயே எழுதுங்கள். ஒரு வீட்டில் கூட்டினால் ஊர் முழுக்கக் கூட்ட வேண்டிவரும்.

இதில் நீங்கள் எழுதாத ஒன்று என்னை உறுத்துகிறது. அந்தத் தோட்டத்தில் வருஷக்கணக்காகப் பழம் பறித்தவர்களைப் புதிய முதலாளி வைத்துக்கொள்கிறாரா? இல்லையென்றால் அவர்களுக்கு ஒரு நல்ல தொகை கொடுங்கள். அடக்கமாக வாழ்கிறோம் என்று சொல்லி அதைத் தவிர்க்கக் கூடாது. இது ஊருக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை.

வருமான வரித் துறையிடம் அடக்கம் செல்லாது. இவ்வளவு பெரிய தொகைக் கிரயங்களைப் பதிவு அலுவலகமே அவர்களுக்குத் தெரிவித்துவிடும். கொடைக்கானல் போன்ற நகராட்சி எல்லையிலிருந்து 2 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள விவசாய நிலமென்றால் விற்ற லாபத்துக்கு வரி இல்லை. ஆனாலும் கணக்குத் தாக்கலில் காட்டிவிடுங்கள். காப்பி, மிளகு சாகுபடியைக் காட்டும் அடங்கல் நகலையும் வாங்கி வையுங்கள். இனி வரும் வட்டிக்கு வரி உண்டு.

வீட்டுக்குள் ரகசியம் கூடாது. எது எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்கு முழுக்கத் தெரிய வேண்டும், ஒரு நோட்டில் எழுதியும் வையுங்கள். நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொடுப்பவர்தான், வாரிசு ஆகிவிட மாட்டார். ஆகவே உயில் அவசியம். இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு எழுதி, உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்து, மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. உள்ளே என்ன என்று உங்கள் காலத்தில் ஒருவரும் பார்க்க முடியாது.

கடைசியாகக் கார். மலையில் இரண்டு விஷயங்கள்தான் சட்டென்று கண்ணில் படும்: சிமென்ட் லாரி ஏறி வருவதும் புது வண்டி இறங்கிப் போவதும். ஓட்டு வீடு அப்படியே இருக்கட்டும். உள்ளே குளியலறையில் வெந்நீரும், பிடித்து எழுந்திருக்கக் கைப்பிடியும், மேல்நாட்டுக் கழிப்பறையும் போடுங்கள். அது யாருக்கும் தெரியாது. காரைப் பொறுத்தவரை, படி தாழ்ந்த, இரண்டு மூன்று வருஷம் ஓடிய சின்ன வண்டியாக வாங்கிவிடுங்கள். யாராவது கேட்டால் "வீட்டுக்காரிக்கு முட்டி வலி" என்றே சொல்லலாம், அதுதானே உண்மை. ஆனால் வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே வாடகைக் கார் வைத்து அம்மாவை மதுரைக்கு அழைத்துப் போய் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.