0.292 சாதாரண எண்ணா?

கேள்வி: அமெரிக்காவில் பெண்கள் பாவாடை கட்டி ஆடிய பேஸ்பால் லீக், ஆண்கள் போருக்குப் போன இடைவெளியில் நடந்த வேடிக்கைதானே? அதன் நட்சத்திரம் டாட்டி கமென்ஷெக்கின் பேட்டிங் சராசரியே 0.292தான். இதில் என்ன பெருமை?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: போர் 1945இல் முடிந்தது. லீக் 1954 வரை நடந்தது. முதலில் இதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து, சராசரி: மட்டை பிடித்த முறைகளில் எத்தனை பங்கு வெற்றிகரமாக அடித்தார் என்ற விகிதம். எந்தப் பந்து, எத்தனை அடியிலிருந்து வந்தது என்று கேட்காமல் அந்த எண்ணை எடைபோட முடியாது. 1943இல் லீக் தொடங்கியபோது பந்தின் சுற்றளவு 12 அங்குலம், அதாவது சாஃப்ட்பால் பந்து. பிட்சர், அதாவது பந்து வீசுபவர், வீசியது 40 அடியிலிருந்து. ஆண்களுக்கோ 60 அடி 6 அங்குலம். பந்தைப் பார்த்து முடிவெடுக்கக் கிடைக்கும் நேரம் சொற்பம், பெரிய பந்து அடித்தாலும் தூரம் போகாது. அதனால்தான் சீசனின் சிறந்த சராசரிக்கான பேட்டிங் பட்டத்துக்கு 1944இல் 0.296 போதுமாக இருந்தது, 1945இல் 0.299.

1946இல் பந்து 11 அங்குலமானது. கீழ்க்கை வீச்சோடு பக்கவாட்டு வீச்சும் நுழைந்தது. கீழிருந்து எழும்பும் பந்துக்குப் பழகிய கண்ணும் மட்டையும் குறுக்கே வரும் பந்துக்கு நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். வீச்சு மாறிய அந்த 1946, 1947ஆம் ஆண்டுகளில்தான் கமென்ஷெக் அடுத்தடுத்துப் பட்டம் வென்றார்: 0.316, 0.306. 1948இல் முழு மேல்கை வீச்சு வந்தது. 1949இல் பட்டம் வென்ற சராசரி வெறும் 0.279. 1954 சீசனின் நடுவில் ஆண்களின் பந்தும் 60 அடி தூரமும் வந்தன. அந்த ஆண்டு ஜோஆன் வீவர் 0.429 எடுத்தார். வீவர் பெரிய ஆட்டக்காரர்தான், ஆனால் 0.279ஐயும் 0.429ஐயும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

நீங்கள் பார்த்திருக்க வேண்டிய எண் வேறு. கமென்ஷெக் கணக்கில் வரும் 3,736 முறை மட்டை பிடித்து, 81 முறைதான் ஸ்ட்ரைக் அவுட் ஆனார், அதாவது மூன்று வாய்ப்புகளையும் தவறவிட்டு வெளியேறினார். 46 முறைக்கு ஒன்று! பத்து சீசன்களில், பந்தும் தூரமும் மாறிக்கொண்டே இருந்த லீக்கில்.

தடுப்பிலும் அவர் முதல் தரம். ராக்ஃபர்ட் பீச்சஸ் அணியில் வெளிக்களத்தில் தொடங்கியவரை முதல் பேஸுக்கு, அதாவது அடித்துவிட்டு ஓடுபவர் முதலில் தொட வேண்டிய இடத்தைக் காக்கும் பணிக்கு, மாற்றினார்கள். இடக்கை ஆட்டக்காரருக்கு அந்த இடம் பொருத்தம்: கையுறை வலக்கையில், மைதானத்தின் உட்பக்கம் இருக்கும், உடலைத் திருப்பாமலே இரண்டாம் பேஸுக்கு எறியலாம். ஃபோர்ட் லாடர்டேல் ஆண்கள் அணி ஒருமுறை அவரை அழைத்தது. விளம்பரத்துக்காகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று கருதி மறுத்தார். பின்னர் முதுகுக் காயத்தோடு ஆடி, ஓய்வுக்குப் பின் இயன்முறை மருத்துவம் படித்து 1958இல் பட்டம் பெற்றார்.

பாவாடையும் அவர்கள் கேட்டு வாங்கியதல்ல, நிர்வாகம் விதித்தது. அதைக் கட்டிக்கொண்டு பேஸுக்குச் சறுக்கினால் தொடைத் தோல் உரிந்துவிடும். உரிந்த காலோடு மறுநாளும் ஆடினார்கள்.

அந்த லீக்கைக் குறை சொல்ல வேண்டுமானால், கறுப்பினப் பெண் ஒருவரைக்கூட அது சேர்த்துக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லுங்கள். கறுப்பினப் பெண்ணான டோனி ஸ்டோன் 1953இல் இண்டியானாபோலிஸ் கிளவுன்ஸ் என்ற கறுப்பின அணியில், ஆண்களுக்கு நடுவே இரண்டாம் பேஸில் ஆடினார்.