விக்டர் ஹியூகோ சொன்னபடி நகரச் சாக்கடை நீரை உரமாக வயலுக்கே திருப்ப முடியுமா?

1862இல் வந்த ‘லே மிஸரபிள்’ நாவலில் (தமிழில் சுத்தானந்த பாரதியாரின் ‘ஏழை படும் பாடு’) ஹியூகோ கதையை அப்படியே நிறுத்திவிட்டுப் பாரிஸின் பாதாளச் சாக்கடைக்குள் இறங்குவார். ஆண்டுக்கு 2.5 கோடி பிராங்கு மதிப்புள்ள உரத்தை நகரம் தண்ணீரில் கொட்டுகிறது என்பது அவர் கணக்கு. வயலின் நன்னீர் நகருக்கும் நகரின் சத்துநீர் வயலுக்கும் போய்வர இரட்டைக் குழாய் போடச் சொன்னார்.

சத்தைப் பற்றிய கணிப்பு சரி. கோளாறு குழாயில்தான். வீட்டுக் கழிவுநீரில் உள்ள நைட்ரஜனில் ஏறக்குறைய 80 சதவீதம் சிறுநீரிலிருந்து வருகிறது. அளவில் அது 1 சதவீதம்தான். குளியல், சலவை, பட்டறை நீர் எல்லாம் ஒன்றாகக் கலந்ததும் சத்து நீர்த்துப்போகிறது, கிருமியும் கன உலோகமும் கூடவே ஏறிக்கொள்கின்றன. பாரிஸைச் சுற்றிச் சாக்கடை நீர் பாய்ந்த நிலங்களில் ஈயமும் காட்மியமும் படிந்து, கடைசியில் காய்கறி பயிரிடவே தடை வந்தது.

இன்றைய சுத்திகரிப்பு நிலையம் செய்வது நேர்மாறு. அம்மோனியாவில் உள்ள ஒரு கிராம் நைட்ரஜனை நைட்ரேட்டாக்க 4.57 கிராம் ஆக்சிஜன் தேவை. அதற்குக் காற்றை ஊதித் தள்ளும் ப்ளோயர் ஓட வேண்டும். அடுத்து ஆக்சிஜன் இல்லாத தொட்டியில் பாக்டீரியாக்கள் அதை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விடும். உர ஆலையோ அதே காற்றிலிருந்து எரிபொருள் செலவழித்து நைட்ரஜனைப் பிடிக்கிறது. ஹியூகோ கண்டிருந்தால் இன்னும் நூறு பக்கம் எழுதியிருப்பார்!

சத்தை மீட்க வேண்டுமானால் அது அடர்த்தியாக இருக்கும் இடத்தில் பிடிக்க வேண்டும். ஒன்று, சுத்திகரிப்பு நிலையத்தில் கசடைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும் மூடிய தொட்டியான செரிமானக் கலத்திலிருந்து வரும் கசடைப் பிழிந்த நீர். மெக்னீசியம் குளோரைடு சேர்த்து, பி.எச். (அமில-காரத் தன்மை) அளவை 8 முதல் 9க்குள் வைத்தால் மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்த ஸ்ட்ரூவைட் படிகம் உருவாகும். ஒரு கிலோ பாஸ்பரஸுக்குச் சுமார் 0.8 கிலோ மெக்னீசியம் கணக்கு, நடைமுறையில் சற்றுக் கூடுதலாகவே போடுவார்கள். பாஸ்பரஸ் நன்றாக மீளும். அம்மோனியாவின் பெரும்பகுதி நீரிலேயே நிற்கும். படிகத்தை நாமாக எடுக்காவிட்டால் அது குழாய் வளைவிலும் பம்பிலும் கல்லாகப் படியும்.

இன்னொன்று, சிறுநீரைக் கழிப்பறையிலேயே பிரிப்பது. தேங்கியதும் யூரியா சிதைந்து பி.எச். 9 வரை ஏறும், அம்மோனியா ஆவியாகும். அதனால் தொட்டி இறுக மூடியிருக்க வேண்டும். காற்றுப்போக்கியைப் பெரிதாக வைத்தால் போவது நாற்றம் மட்டுமல்ல, உரமும்தான். எல்லாப் பயிருக்கும் பயன்படுத்த, 20 டிகிரியில் குறைந்தது 6 மாதம் சேமிக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டுதல். குழாயைச் சரிவாகவும் அகலமாகவும் போடுங்கள். இங்கேயும் அதே கல்தான் அடைக்கும்.