பட்டாளத்திலிருந்து நாடாளுமன்றத்துக்கு: வாசகர் கேள்விகள்

கேள்வி: ராணுவத்தில் சுபேதாராக இருக்கிறேன். இந்த மாதம் 31-ம் தேதி ஓய்வு. இப்போது விடுப்பில் ஊரில்தான் இருக்கிறேன். கட்சி மேடையில் ஏறலாமா? தேர்தலில் நிற்க எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும்?
வாசகர், வேலூர் மாவட்டம்

பதில்: 31-ம் தேதி முடியும்வரை மேடைப் பக்கமே போகாதீர்கள். விடுப்பில் இருந்தாலும் நீங்கள் 1950-ம் ஆண்டு ராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவர்தான். 1954-ம் ஆண்டு ராணுவ விதிகளின் 20-வது விதி, கட்சிக் கூட்டத்தில் பேசுவதை மட்டுமல்ல, கலந்துகொள்வதையும், ‘நான் வேட்பாளர்’ என்று எந்த வகையிலும் அறிவித்துக்கொள்வதையும் தடுக்கிறது. கடைசி வாரத்தில் ஒரு சால்வைக்கு ஆசைப்பட்டு ஒழுங்கு நடவடிக்கையில் சிக்க வேண்டாம்.

ஓய்வுக்குப் பிறகு காத்திருப்புக் காலம் என்று எதுவும் கிடையாது. மேஜர் ஜெனரல் பி.சி.கந்தூரி ஓய்வு பெற்ற சிறிது காலத்திலேயே, 1991-ல், கர்வால் தொகுதியில் வென்றார். தரைப்படைத் தளபதியாக இருந்த வி.கே.சிங் 2012 மே மாதம் ஓய்வு பெற்றார். 2014-ல் காசியாபாத் எம்.பி. ஆனார். வயது மட்டும் 25 நிறைந்திருக்க வேண்டும். நான்கு ஆண்டுப் பணி முடித்து 22, 23 வயதில் வெளியே வரும் அக்னிவீரர்கள் அதுவரை பொறுத்திருக்கத்தான் வேண்டும்.

கேள்வி: ஹவில்தாராக ஓய்வு பெற்று ஆறு ஆண்டு ஆகிறது. மக்களவைக்குச் சுயேச்சையாக நிற்க எண்ணம். மனு தள்ளுபடி ஆகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?
வாசகர், தேனி

பதில்: முதலில் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பணியில் இருந்தபோது சொந்த ஊர்ப் பட்டியலின் கடைசிப் பகுதியில் சேவை வாக்காளராக இருந்திருப்பீர்கள். ஓய்வு பெற்றதும் அந்தப் பதிவு செல்லாது. படிவம் 6 கொடுத்துப் பொது வாக்காளராகச் சேர வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். வாக்காளராக இல்லாதவர் வேட்பாளராக முடியாது. வேறு தொகுதியில் நிற்பதானால் உங்கள் பெயர் உள்ள பட்டியல் பக்கத்தின் சான்றிட்ட நகலையும் இணைக்க வேண்டும்.

அடுத்தது குவார்ட்டர்ஸ். முன்னாள் படைவீரர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இதுதான். மனுவோடு தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரம், கடந்த 10 ஆண்டுகளில் அரசுக் குடியிருப்பில் இருந்தீர்களா என்று கேட்கிறது. உங்கள் ஆறு ஆண்டுக் கணக்குப்படி, பணியின் கடைசிக் காலத்தில் குடும்பக் குவார்ட்டர்ஸில் இருந்திருந்தால் பதில் ‘ஆம்’தான். அப்படியானால் வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி நான்குக்கும் பாக்கி இல்லை என்ற சான்று வேண்டும். வீட்டைக் காலி செய்தபோது கொடுத்த பழைய சீட்டை நம்பாமல் புதிதாக எழுதி வாங்குங்கள். நீங்கள் இருந்த கன்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்புப் பகுதி) வடக்கே எங்கேயோ இருந்தால் கடிதம் போய்வரவே வாரக்கணக்கில் ஆகும். தேர்தல் அறிவிப்புக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். 2024-ல் மேற்கு வங்கத்தின் பீர்பூமில், முன்னாள் ஐ.பி.எஸ். அதிகாரி தேபாசிஷ் தரின் மனு இந்தச் சான்று இல்லாததால்தான் தள்ளுபடியானது. ஒரு பெரிய தேசியக் கட்சியின் வேட்பாளருக்கே அந்த நிலை.

பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடாதீர்கள். இல்லாததற்கு ‘இல்லை’ என்று எழுதுங்கள். சுயேச்சைக்கு அந்தத் தொகுதி வாக்காளர்கள் 10 பேர் முன்மொழிய வேண்டும். பத்தில் ஒருவர் பக்கத்துத் தொகுதிக்காரர் என்று பரிசீலனையில் தெரியவந்தால் மனு போய்விடும். அதனால் நான்கு மனு வரை தாக்கல் செய்யலாம் என்ற சலுகையைப் பயன்படுத்தி, வேறு பத்துப் பேரை வைத்து இன்னொரு மனுவும் போடுங்கள். டெபாசிட் 25,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 12,500. பதிவான செல்லும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் அது திரும்பும். மனு கொடுத்த கையோடு தேர்தல் நடத்தும் அலுவலர் முன்னால் உறுதிமொழி எடுத்துவிடுங்கள். பரிசீலனை நாளில் போய் எடுக்க முடியாது. செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கை மனுத் தாக்கலுக்கு ஒரு நாள் முன்னதாகவாவது தொடங்குங்கள்.

கேள்வி: படையிலிருந்து டிஸ்மிஸ் செய்யப்பட்டவர் நிற்கலாமா?
வாசகர், திருநெல்வேலி

பதில்: ஊழலுக்காகவோ அரசுக்கு விசுவாசமின்மைக்காகவோ நீக்கப்பட்டவருக்கு ஐந்து ஆண்டு தடை உண்டு. வேறு காரணத்துக்காக நீக்கப்பட்டிருந்தாலும், ஐந்து ஆண்டு முடியவில்லை என்றால், ‘அந்த இரண்டு காரணத்துக்காக அல்ல’ என்று தேர்தல் ஆணையத்திடம் சான்று வாங்கி மனுவோடு தர வேண்டும். எல்லைப் பாதுகாப்புப் படையிலிருந்து 2017-ல் நீக்கப்பட்ட தேஜ் பகதூர் யாதவ், 2019-ல் வாரணாசியில் இந்தச் சான்று இல்லாமல் மனுவை இழந்தார். உச்ச நீதிமன்றம் வரை போயும் பலிக்கவில்லை. ஆணையம் டெல்லியில் இருக்கிறது. கடைசி நாளில் ஓடி வாங்கக்கூடிய காகிதம் அல்ல இது.

கேள்வி: ராணுவப் பென்ஷன் வாங்குகிறேன், இப்போது அரசுப் பள்ளியில் ஆசிரியர். இரண்டும் தடையா?
வாசகர், சிவகங்கை

பதில்: பென்ஷன் தடையே இல்லை. ஆசிரியர் வேலை தடைதான். அது ‘ஆதாயம் தரும் பதவி’, அதாவது அரசிடம் சம்பளம் வாங்கும் வேலை. ராஜினாமா கடிதம் கொடுத்தால் மட்டும் போதாது. அது ஏற்கப்பட்டு, பரிசீலனை நாளுக்கு முன் விடுவிப்பு ஆணை உங்கள் கையில் இருக்க வேண்டும். ஆனால் பிரதேச ராணுவத்தில் (டெரிடோரியல் ஆர்மி என்ற பகுதிநேரப் படை) இருப்பவர்களுக்கு 1959-ம் ஆண்டுச் சட்டம் விலக்கு தருகிறது. சச்சின் பைலட்டும் அனுராக் தாக்கூரும் எம்.பி.யாக இருந்துகொண்டே அதில் அதிகாரியானது அப்படித்தான்.

கேள்வி: போஸ்டரில் சீருடைப் படம் போடலாமா?
வாசகர், கோவை

பதில்: வேண்டாம். படைவீரர் படங்களை விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2013-லும் மறுபடி 2019-லும் கட்சிகளுக்கு எழுதியிருக்கிறது. உங்கள் சொந்தப் பழைய படமாக இருந்தாலும் எதிரணி புகார் கொடுத்தால், பிரசார நாட்களில் பாதி அதற்கு விளக்கம் எழுதுவதிலேயே போய்விடும். சாதாரண உடைப் படம் போட்டு, பதவிப் பெயரோடு (ஓய்வு) என்று சேர்த்து அச்சிடுங்கள்.