கரும்பாறைப் பாலையின் எழுத்துகள்: சஃபாயிதிக் கல்வெட்டுகள் குறித்துக் கேள்வி பதில்

கேள்வி: சஃபாயிதிக் கல்வெட்டுகள் என்பவை எவை?

பதில்: தெற்கு சிரியா, வடகிழக்கு ஜோர்தான், சவுதி அரேபியாவின் வட எல்லை ஆகியவற்றில் பரந்து கிடக்கும் ‘ஹர்ரா’ என்னும் கரிய எரிமலைக்கல் பாலையில், ஒட்டகமும் ஆடும் மேய்த்துத் திரிந்த நாடோடிகள் கீறிவைத்த எழுத்துகள் அவை. இதுவரை 30,000க்கும் மேல் பதிவாகியுள்ளன. டமாஸ்கஸுக்குத் தென்கிழக்கிலுள்ள சஃபா என்னும் எரிமலைப் பகுதியின் பெயர் இவற்றுக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் இவை கிடைப்பதோ அதற்கு வெளியேதான்.

கேள்வி: அரசும் அலுவலகமும் இல்லாத மக்களுக்கு எழுத்து எதற்கு?

பதில்: ஆய்வாளர் மைக்கேல் மெக்டொனால்டின் விளக்கம் புகழ்பெற்றது. எழுதுவதற்கான தோலும் பப்பைரஸ் என்னும் நாணல் தாளும் எளிதில் கிட்டாத அம்மக்களின் அன்றாட வாழ்வு வாய்மொழியாகவே நடந்தது. கணக்கு, கடிதம், ஒப்பந்தம் எதற்கும் அவர்களுக்கு எழுத்து தேவைப்படவில்லை. மந்தையைக் காத்துத் தனியே அமர்ந்திருக்கும் நீண்ட பொழுதைக் கழிக்கவே அதைப் பயன்படுத்தினர் என்பார் அவர். சஹாராவின் துவாரெக் மக்கள் தம் திஃபினாக் எழுத்தைப் பள்ளியின்றி, ஒருவரிடமிருந்து ஒருவர் விளையாட்டாகக் கற்பதை அவர் இணை காட்டுகிறார். வெறும் பெயர்களைக் கொண்ட ஆயிரக்கணக்கான கற்களுக்கு இது பொருந்துகிறது. வேண்டுதலும் சாபமும் சேர்ந்த நீண்ட கல்வெட்டுகளைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அவற்றில் சடங்கின் சாயல் உண்டு என வாதிடுவோர் பக்கமே நான் சாய்கிறேன்.

கேள்வி: உயிரெழுத்தே இல்லாததை எவ்வாறு படிக்கிறார்கள்?

பதில்: இதில் 28 எழுத்துகள்; அனைத்தும் மெய். சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. வரி எத்திசையிலும் ஓடும், சில வேளை கல்லைச் சுற்றி வளைந்தும் செல்லும். 1857இல் சிரில் கிரஹாம் இவற்றைக் கண்டறிந்து அறிவித்தபின், ஜோசப் ஆலெவி பெரும்பாலான எழுத்துகளை இனங்கண்டார். 1901இல் என்னோ லிட்மன் அப்பணியை நிறைவு செய்தார். வாசகங்கள் ஒரே வாய்பாட்டில் அமைந்திருப்பது பெருந்துணை. ஆட்பெயர்களின் உயிரொலிகளுக்கோ, உயிரெழுத்துடன் அப்பெயர்களைத் தரும் அதே வட்டாரத்துக் கிரேக்கக் கல்வெட்டுகளையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது.

கேள்வி: அப்படி என்னதான் எழுதியிருக்கிறார்கள்?

பதில்: ‘இன்னாருடையது’ எனத் தொடங்கி, இன்னார் மகன், அவர் இன்னார் மகன் எனத் தலைமுறைகளை அடுக்கிச் செல்வார்கள். சிலவற்றில் அதன்பின் செய்தி வரும்: ஒட்டகங்களை மேய்த்தான், மழைக்காகக் காத்திருந்தான், பகைவரைக் கண்காணித்தான், பிரிந்தவருக்காக ஏங்கினான், இறந்த சகோதரனுக்காகத் துயருற்றான். பின்னர் லாத், ருதா, பால்ஷமீன் முதலிய தெய்வங்களிடம் பாதுகாப்பும் கொள்ளைப் பொருளும் வேண்டுவார்கள். எழுத்தை அழிப்பவன் குருடாகட்டும் என்ற சாபத்துடன் பல முடிகின்றன. உறவினரைப் புதைத்த கற்குவியல்களின் மேல் துயர வாசகங்கள் மிகுதி. 1950களின் தொடக்கத்தில் லங்காஸ்டர் ஹார்டிங் ஜோர்தானில் அகழ்ந்த ஹானியின் கற்குவியல் அவ்வகையில் அறியப்பட்டது. இவை உள்ளம் உருக்குபவை என்றாலும், துயரமும் வாய்பாட்டுச் சொற்களிலேயே வருகிறது என்பதை மறந்து ஒவ்வொன்றையும் தனிமனிதக் கவிதையாக வாசிப்பது பிழை.

கேள்வி: காலத்தை எப்படிக் கணிக்கிறார்கள்?

பதில்: ஆண்டுகளை எண்ணால் குறிக்காமல் ‘நபதேயர் போர் நடந்த ஆண்டு’ என்பது போல் நிகழ்ச்சியால் குறித்தார்கள். நபதேயர் என்போர் பெத்ராவைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட அண்டை மக்கள்; அது எந்தப் போர் என்பதே நமக்குச் சிக்கல். கி.மு. முதல் நூற்றாண்டு முதல் கி.பி. நான்காம் நூற்றாண்டு வரை என்பது வழக்கமான கணிப்பு. கிறித்தவச் சுவடு காணப்படாததால் நான்காம் நூற்றாண்டில் நிறுத்துகிறார்கள். இல்லாமையை வைத்துச் செய்யும் இந்த வாதம் வலுவற்றது.

கேள்வி: இது அரபு மொழியா?

பதில்: ஆங்கில ‘the’ போன்ற சுட்டிடைச் சொல்லாக, அரபில் வரும் ‘அல்’ வராமல் பெரும்பாலும் ‘ஹ’ வருவதால் முன்பு இதனைத் தனி மொழியாகவே கருதினர். அஹ்மத் அல்-ஜல்லாத் 2015இல் வெளியிட்ட இலக்கணத்தில், இதனைப் பழைய அரபின் வட்டார வழக்குகளுள் ஒன்றாக வைத்தார். எனக்கும் அது ஏற்புடையதே.

கேள்வி: இவற்றை வீட்டிலிருந்தே பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஆக்ஸ்போர்டில் தொடங்கி, இப்போது ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேணப்படும் ‘ஓசியானா’ இணையத் தொகுப்பில் எழுத்துப்பெயர்ப்பும் ஆங்கில மொழிபெயர்ப்பும், பலவற்றுக்கு ஒளிப்படமும் கிடைக்கும். பழைய பயணிகள் கையால் பார்த்தெழுதிய பிரதி மட்டுமே எஞ்சியுள்ளவற்றின் வாசிப்பை ஐயத்துடன் அணுகுங்கள்.